திரி, சுருள், தொட்டி: இ-சிகரெட்டுக்குள் இருக்கும் பஞ்சு

"டேங்க் வச்சது நல்லதுங்களா, பாட் நல்லதுங்களா, இல்ல தூக்கிப் போடற டைப்பே போதுங்களா?" திருப்பூரில் பனியன் துணிப் பரிசோதனை வேலை பார்க்கிற என்னிடம் கடந்த சில வருடங்களாக இந்தக் கேள்வி வந்துகொண்டே இருக்கிறது. கேட்பவர்கள் பெரும்பாலும் இருபதுகளில் இருக்கும் பையன்கள். மலேசியாவிலிருந்தோ துபாயிலிருந்தோ யாராவது கொண்டுவந்த கருவி கையில் இருக்கும். உள்ளே என்ன இருக்கிறது என்று மட்டும் தெரியாது.

நேரடியாகப் பதில் சொல்வதைவிட, அந்தக் கருவி எப்படி வேலை செய்கிறது என்று எழுதி வைப்பது உபயோகமாக இருக்கும் என்று தோன்றியது. ஏனென்றால் அதன் நடுவில் இருப்பது நமக்கு நன்றாகத் தெரிந்த பொருள்தான்: பஞ்சு.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இது வாங்குவதற்கான வழிகாட்டி இல்லை. தமிழ்நாட்டில் 2018 செப்டம்பரிலேயே இ-சிகரெட்டுக்குத் தடை வந்துவிட்டது. 2019 செப்டம்பரில் மத்திய அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது, அந்த டிசம்பரில் அது முழுச் சட்டமானது. தயாரிப்பு, இறக்குமதி, ஏற்றுமதி, விற்பனை, விளம்பரம் எல்லாமே குற்றம். முதல் முறைக்கு ஒரு வருடம் வரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். இருப்பு வைத்தால் ஆறு மாதம் வரை சிறை அல்லது 50,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். ஆனால் தடை இருக்கிறது என்பதால் பொருள் இல்லாமல் போய்விடவில்லை. இருக்கிற பொருளைப் பற்றிய தகவல்தான் இல்லாமல் போயிருக்கிறது.

அகல் விளக்கும் அரிக்கேனும்

அட்டமைசர் என்றால் என்ன? ஒரு திரி, அதைச் சுற்றி அல்லது அதன்மேல் ஒரு கம்பிச் சுருள், பக்கத்தில் திரவம் நிற்கும் தொட்டி. அவ்வளவுதான். பேட்டரி சுருளைச் சூடாக்கும். திரி உறிஞ்சி வைத்திருக்கும் திரவம் ஆவியாகும். நாம் இழுக்கும் காற்றோடு அது கலந்து, குளிர்ந்து, நுண்துளிகளாக வாய்க்குள் வரும். பலரும் நினைப்பதுபோல் அது நீராவி இல்லை. அந்தத் திரவம் பெரும்பாலும் புரொப்பிலீன் கிளைக்காலும் கிளிசரினும். அதோடு நிகோடினும் வாசனைப் பொருளும் இருக்கும்.

இதை அகல் விளக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எண்ணெய் இருக்கும்வரை திரி நிதானமாக எரியும், திரி கெடாது. எண்ணெய் தீர்ந்த அடுத்த நிமிஷம் திரியே கருகும். இ-சிகரெட்டிலும் இதேதான். திரவம் கொதிக்கிறவரை அந்தச் சூடு ஆவியாவதிலேயே செலவாகிவிடும். காகிதக் கப்பில் தண்ணீர் இருந்தால் அடியில் மெழுகுவத்தி காட்டினாலும் கப் எரியாதில்லையா, அதே கணக்கு. புரொப்பிலீன் கிளைக்கால் 188 டிகிரியில் கொதிக்கும், கிளிசரின் 290 டிகிரியில். கலவை ஈரமாக இருக்கும்வரை சுருளின் சூடு இந்த எல்லைக்குள் நிற்கும். திரி காய்ந்துவிட்டால் சூட்டைப் பிடித்து வைக்க ஆளில்லை. சில நொடிகளில் சுருள் பழுக்கும், பஞ்சு கருகும், மிச்சமிருக்கும் கிளிசரின் சிதையும்.

அது சிதைந்தால் என்ன வரும்? வாணலியில் எண்ணெய் அதிகமாகக் காய்ந்து புகையும்போது கண்ணையும் தொண்டையையும் கரிக்குமே, அந்த வாடைக்கு முக்கியக் காரணம் அக்ரோலின். எண்ணெயில் இருக்கும் கிளிசரின் பகுதி உடைந்து வருவது. இ-சிகரெட்டிலும் அதே அக்ரோலின் வரும், கூடவே ஃபார்மால்டிஹைடும். இதைத்தான் அந்த வட்டாரத்தில் 'டிரை ஹிட்' என்கிறார்கள்.

ஆக, எல்லா வகை அட்டமைசருக்கும் கேள்வி ஒன்றே: சுருள் கொதிக்க வைக்கிற வேகத்துக்குப் பஞ்சு திரவத்தைக் கொண்டுவந்து கொடுக்குமா? டேங்க், பாட், டிஸ்போசபிள் எல்லாம் இதற்கான வெவ்வேறு பதில்கள்.

உறிஞ்சும் கணக்கு

இந்தக் கேள்வியை நம்ம ஊரில் தினமும் கேட்கிறோம். பதப்படுத்தி வந்த துணியை வளையத்தில் இழுத்துக் கட்டி, ஒரு சென்டிமீட்டர் உயரத்திலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் விடுவோம். சொட்டின் பளபளப்பு மறைய எத்தனை நொடி ஆகிறது என்று பார்ப்போம். ஏ.ஏ.டி.சி.சி 79 என்ற முறை இது. ஐந்து நொடிக்குள் உள்ளே போனால் பொதுவாகத் துணி தேறிவிட்டது என்று அர்த்தம். விளையாட்டு உடைகளுக்குத் துணிப் பட்டையைச் செங்குத்தாகத் தொங்கவிட்டு, தண்ணீர் எவ்வளவு உயரம் ஏறுகிறது என்றும் அளப்போம். வேர்வையை உடம்பிலிருந்து வெளிப்பக்கம் கொண்டுபோவதும், திரவத்தைச் சுருளுக்குக் கொண்டுபோவதும் ஒரே நுண்புழை வேலைதான்.

பச்சைப் பஞ்சு தண்ணீரில் மிதக்கும். இழையின்மேல் இருக்கும் மெழுகும் பெக்டினும் காரணம். காஸ்டிக் சோடா போட்டு வேகவைத்து அதை எடுத்த பிறகுதான் தண்ணீர் உள்ளே போகும். மெடிக்கல் பஞ்சு உடனே மூழ்குவதும் அதனால்தான். விளக்குத் திரிக்குப் பச்சைப் பஞ்சே நன்றாக வேலை செய்யும், ஏனென்றால் மெழுகுக்கு எண்ணெய் பிடிக்கும். இ-சிகரெட் திரவமோ தண்ணீர் ஜாதி. அதற்கு மெழுகு நீக்கிய பஞ்சுதான் வேண்டும். சொந்தமாகத் திரி போட்டவர்கள் ஒரு காலத்தில் பஞ்சைக் கொதிக்க வைத்து உபயோகித்ததும், ஜப்பானிய ஒப்பனைப் பஞ்சுத் தகடுகளைத் தேடி வாங்கியதும் இதனால்தான். சாயப்பட்டறையில் டன் கணக்கில் செய்வதை அவர்கள் சமையலறையில் கிராம் கணக்கில் செய்தார்கள்.

இதில் இரண்டு விதிகளை நினைவில் வையுங்கள்.

ஒன்று, தூரம். 1921-இல் எட்வர்ட் வாஷ்பர்ன் எழுதிய சமன்பாட்டின்படி, திரவம் இரண்டு மடங்கு தூரம் போக நான்கு மடங்கு நேரம் எடுக்கும். அதனால் திரி குட்டையாக இருப்பது நல்லது.

இரண்டு, பிசுபிசுப்பு. 25 டிகிரியில் கிளிசரின் தண்ணீரைவிட ஏறத்தாழ ஆயிரம் மடங்கு கெட்டி. புரொப்பிலீன் கிளைக்கால் சில பத்து மடங்குதான். கிளிசரின் அதிகமானால் புகை அடர்த்தியாக இருக்கும், ஆனால் திரியில் ஏற மெதுவாகும். அரிக்கேன் விளக்கில் மண்ணெண்ணெய்க்குப் பதில் நல்லெண்ணெய் ஊற்றினால் சரியாக எரியாததற்கும் இதுதான் காரணம். அவ்வளவு உயரம் அந்தக் கெட்டி எண்ணெய் ஏறிவராது. அகலில் எண்ணெய் சுடருக்குப் பக்கத்திலேயே இருப்பதால் தப்பிக்கிறது.

இப்போது வகைகள்

*முதல் தலைமுறை.* சீனாவின் ஹான் லிக் 2003 வாக்கில் உருவாக்கியதுதான் இன்றைய இ-சிகரெட்டின் தொடக்கம். ஹெர்பர்ட் கில்பர்ட் என்ற அமெரிக்கர் 1963-லேயே புகையில்லா சிகரெட்டுக்குக் காப்புரிமை கேட்டிருந்தார், ஆனால் அது சந்தைக்கு வரவில்லை. ஆரம்பகாலக் கருவிகள் சிகரெட் வடிவத்திலேயே இருந்தன. திரவத்தில் நனைத்த செயற்கை இழைப் பஞ்சு ஒரு குழாயில் இருக்கும், சுருளும் அதற்குள்ளேயே வந்தபோது அதற்கு 'கார்ட்டோமைசர்' என்று பேர். எவ்வளவு திரவம் மிச்சம் என்று பார்க்க வழியில்லை. கருகல் வந்தால்தான் தீர்ந்தது தெரியும்.

*கிளியரோமைசர்.* கண்ணுக்குத் தெரிகிற தொட்டி. இதில் பழைய வகையில் சுருள் மேலே, நீண்ட திரிகள் கீழே தொங்கும். அரிக்கேன் மாதிரியே. தொட்டியில் திரவம் குறைந்ததும் மேல்வரை ஏறாது, அடிக்கடி சாய்த்துப் பிடிக்க வேண்டும். அடுத்து வந்த வகையில் சுருளைக் கீழே கொண்டுவந்து, திரவத்துக்குள்ளேயே உட்கார வைத்தார்கள். அகல் மாதிரி ஆகிவிட்டது. திரவத்தின் எடையும் திரிக்கு உதவி செய்யும். இவை பெரும்பாலும் 1.5 முதல் 2 ஓம் வரை தடை கொண்டவை. இறுக்கமான காற்றுவழி. சிகரெட் போலவே முதலில் வாய்க்குள் இழுத்துப் பிறகு நுரையீரலுக்குள் விடுவார்கள்.

*சப்-ஓம் டேங்க்.* சுருளின் தடை ஒரு ஓமுக்குக் கீழே. பேட்டரி 3.7 வோல்ட் என்று வைத்துக்கொண்டால், 1.8 ஓம் சுருளில் சுமார் 7.6 வாட் ஓடும். 0.5 ஓமில் 27 வாட். 0.2 ஓமில் 68 வாட். வாட் ஏற ஏறக் கொதிக்கும் திரவமும் ஏறும், அதனால் பஞ்சு கனமாகவும் துளைகள் பெரிதாகவும் இருக்க வேண்டும். காற்று நேராக நுரையீரலுக்குப் போகும். நிகோடின் செறிவு குறைந்த திரவத்துக்கான கருவி இது. செறிவு அதிகமானதை இதில் போட்டால் ஒவ்வொரு இழுப்பிலும் அளவுக்கு மீறி உள்ளே போகும்.

*சொந்தமாகக் கட்டும் வகைகள்.* கம்பியையும் பஞ்சையும் தானே போட்டுக்கொள்வது. தொட்டி இருந்தால் ஆர்.டி.ஏ. ஒரு ரகம், தொட்டியே இல்லாமல் சில இழுப்புக்கு ஒருமுறை சொட்டு விடுவது இன்னொரு ரகம். பஞ்சை எவ்வளவு வைப்பது என்பதுதான் இதில் முழு வித்தை. நெருக்கிச் செருகினால் திரவம் வராது, கருகும். தளர்வாக விட்டால் வழியும். நிட்டிங் மெஷினில் லூப் நீளம் கொஞ்சம் மாறினாலே துணியின் குணம் மாறுகிறதல்லவா, அதே நுணுக்கம். இதில் ஒரு ஆபத்து உண்டு: தடையைக் கணக்குப் பார்க்காமல் குறைத்துக் கட்டினால் பேட்டரி தாங்க வேண்டிய மின்னோட்டத்தை மீறும். சுருளைக் கட்டுகிறவருக்கு ஓம் விதி தெரிந்திருக்க வேண்டும்.

*பாட்.* சின்னக் கருவி, குறைந்த வாட், உறையோடு மாற்றக்கூடிய அல்லது நிரப்பக்கூடிய சிறு தொட்டி. சுருளுக்குப் பதில் வலைபோன்ற தகடும் இப்போது வருகிறது, அது திரி முழுக்கச் சீராகச் சூடாவதற்கு. பாட் பரவியதற்குத் திரவமும் காரணம். நிகோடினோடு பென்சாயிக் அமிலம் போன்றதைச் சேர்த்து உப்பு வடிவமாக்கினால் தொண்டை எரியாது. எரியாததால் அதிகச் செறிவையும் சுலபமாக இழுக்கலாம்.

*டிஸ்போசபிள்.* திரவத்தை உறிஞ்சிய பஞ்சு, நடுவில் சுருள், ஒரு லித்தியம் பேட்டரி, மூடிய உறை. பொத்தானே இருக்காது, இழுத்தால் சூடாகும். நம்ம ஊரில் கைக்குக் கைமாறுவது பெரும்பாலும் இதுதான்.

கண்ணிலிருந்து மறைந்த திரி

மேலே உள்ள வரிசையை ஒருமுறை திரும்பப் பாருங்கள். வசதி கூடக் கூட, திரி கண்ணிலிருந்து மறைந்துகொண்டே போகிறது. சொந்தமாகக் கட்டுகிறவருக்குப் பஞ்சு கருத்தது தெரியும், எந்தக் கம்பி என்றும் தெரியும். டேங்க் வைத்திருப்பவருக்குத் திரவ மட்டமாவது தெரியும். டிஸ்போசபிள் வைத்திருப்பவருக்கு நிறமும் பழத்தின் படமும் மட்டும்தான் தெரியும். கடைசியில் பஞ்சு காயும்போதும் அதை அவர் நாக்கால்தான் கண்டுபிடிக்க வேண்டும். இனிப்பும் குளிர்ச்சியும் தூக்கலான திரவத்தில் லேசான கருகல் உடனே பிடிபடாமலும் போகலாம். இனிப்புக்காகச் சேர்க்கும் சுக்ரலோஸ் சுருளில் படிந்து கருப்பதும் உண்டு.

அது ஏன் முக்கியம் என்பதற்கு ஒரு பழைய சர்ச்சையே சாட்சி. 2015-இல் அமெரிக்காவின் போர்ட்லேண்ட் மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஒரு டேங்கை 5 வோல்ட்டில் ஓட்டியபோது ஃபார்மால்டிஹைடு சேர்மங்கள் கிடைத்ததாகவும், 3.3 வோல்ட்டில் கிடைக்கவில்லை என்றும் எழுதினார்கள். உலகமெங்கும் தலைப்புச் செய்தியானது. மறுத்தவர்கள், அந்த 5 வோல்ட் இழுப்பு கருகல் இழுப்பு, எந்த மனிதனும் அதைத் தொடர்ந்து இழுக்க மாட்டான் என்றார்கள். இரண்டு தரப்பையும் சேர்த்துப் படித்தால் ஒரு விஷயம் விளங்கும்: அதே தொட்டி, அதே திரவம், ஆனால் திரி தாங்குகிற வாட்டுக்கு உள்ளேயா வெளியேயா என்பதைப் பொறுத்து வெளிவரும் பொருளே மாறுகிறது.

உலோகமும் அப்படித்தான். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தினர் 2018-இல் வெளியிட்ட ஆய்வில், தினசரி உபயோகிப்பவர்கள் 56 பேரின் கருவிகளைப் பார்த்தார்கள். பாட்டிலில் இருந்த திரவத்தைவிட, சுருளோடு பழகிய பிறகு ஆவியில் ஈயம், நிக்கல், குரோமியம் போன்றவை அதிகமாக இருந்தன. திரவம் சுத்தமா என்று கேட்டால் மட்டும் போதாது, எந்தக் கம்பி வழியாக வந்தது என்றும் கேட்க வேண்டும்.

திரவத்தின் கதை தனி. 2019-இல் அமெரிக்காவில் திடீரென நுரையீரல் பாதிப்பு பரவியது. 2020 பிப்ரவரிக்குள் 2,807 பேர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள் அல்லது இறந்தார்கள். இறந்தவர்கள் 68 பேர். பெரும்பாலான சம்பவங்களில், முறைசாரா வழிகளில் வாங்கிய கஞ்சாச் சாறு திரவத்தில் கலந்திருந்த வைட்டமின் ஈ அசிடேட் மீது சந்தேகம் உறுதியானது. மாத்திரையாக விழுங்கினால் வயிறு தாங்குகிற பொருள், ஆவியாக இழுத்தபோது நுரையீரலைக் கெடுத்தது. நூற்பாலைக்குப் பக்கத்தில் வாழும் நமக்கு இது புதுசில்லை. உடம்பில் போட்டால் சுகமாக இருக்கும் அதே பருத்தியின் தூசியைப் பல வருடம் சுவாசித்தால் பிசினோசிஸ் என்ற நுரையீரல் நோய் வரும். தோலுக்கும் வயிற்றுக்கும் ஆவதெல்லாம் மூச்சுக்கு ஆகாது.

பிரிட்டன் ஒரு வழி, நாம் ஒரு வழி

லண்டனில் இருக்கும் நம்ம ஆட்கள் கேட்பார்கள், "இங்க ஆஸ்பத்திரியே சிகரெட்டை விட்டு இதுக்கு மாறச் சொல்லுதே?" உண்மைதான். காகிதமும் புகையிலையும் எரிகிற சிகரெட்டைவிட இதில் நச்சுகள் குறைவு என்பதும், பெரியவர்கள் சிகரெட்டை விட இது உதவுகிறது என்பதும் அங்குள்ள மருத்துவத் துறையின் நிலை. ஆனால் அந்த அறிவுரைக்குப் பின்னால் ஒரு ஏற்பாடு இருக்கிறது. தொட்டி 2 மி.லி.-க்கு மேல் கூடாது, நிகோடின் ஒரு மி.லி.-க்கு 20 மி.கி.-க்கு மேல் கூடாது, விற்கும் பொருளை முன்கூட்டியே அரசிடம் பதிவு செய்ய வேண்டும். இத்தனைக்கும் நடுவில், ஒருமுறை உபயோகித்துத் தூக்கிப் போடும் வகையை 2025 ஜூன் 1 முதல் அங்கேயும் தடை செய்துவிட்டார்கள். சிறுவர்கள் கையில் போனதும் குப்பையும் காரணங்கள்.

இங்கே அந்த ஏற்பாடு கிடையாது. ஒரு கருவியில் '5 சதவீதம்' என்று அச்சிட்டிருந்தால் அது ஒரு மி.லி.-க்கு சுமார் 50 மி.கி., பிரிட்டனின் உச்ச வரம்பைவிட இரண்டரை மடங்கு. அந்த அச்சு உண்மையா என்று சொல்லவும் யாருமில்லை. ஏற்றுமதித் துணியில் ஒரு பட்டனுக்குக்கூட நிக்கல் சோதனைச் சான்று கேட்கிறார்கள். நுரையீரலுக்குள் போகிற நிக்கலுக்கு நம்ம ஊரில் ஒரு சான்றும் இல்லை.

அதனால் "எது நல்லது?" என்ற கேள்விக்கு என் பதில்: காகிதத்தில் ஒப்பிட்டால், குறைந்த வாட், சுருள் திரவத்துக்குள் இருக்கும், மட்டம் கண்ணுக்குத் தெரியும் டேங்கில் திரி காய்வது குறைவு. டிஸ்போசபிளில் தெரிவது மிகக் குறைவு. ஆனால் இந்த ஒப்பீடெல்லாம் உள்ளே இருக்கும் பஞ்சும் கம்பியும் திரவமும் என்னவென்று தெரிந்தால்தான் செல்லும். திருப்பூரில் கைமாறும் பொருளில் அது தெரிய வழியே இல்லை. சிகரெட்டே பிடிக்காத பையன் இதைத் தொடங்குவதற்கு ஒரு காரணமும் எனக்குத் தெரியவில்லை.

ஏற்கெனவே கையில் இருப்பவர்களுக்கு மூன்று விஷயம். கருகல் வாடை வந்தால் "இன்னும் ரெண்டு இழுப்பு இருக்கும்" என்று பார்க்காதீர்கள், பஞ்சு காய்ந்துவிட்டது. தீர்ந்த கருவியைக் கம்பெனிக் குப்பையிலோ வேஸ்ட் குடோன் பக்கமோ வீசாதீர்கள். உள்ளே இருப்பது லித்தியம் பேட்டரி, அது நசுங்கினால் தீப்பிடிக்கும், சுற்றிலும் இருப்பது பனியன் வேஸ்ட். விட வேண்டும் என்று தோன்றினால் 1800-112-356 என்ற தேசிய இலவச எண்ணுக்குக் கூப்பிடுங்கள். சிகரெட், பீடிக்கு மட்டும்தான் என்று நினைத்துத் தயங்க வேண்டாம். எந்த வழியாக வந்தாலும் நிகோடின் நிகோடின்தான்.